கடைசி வீட்டைக் கேட்டீர்களா?

1

"பொங்கல் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி ரெண்டு பக்கம் சொல்லுங்கம்மா" என்று நம் நகர் நலச் சங்கத் தலைவர் கோவிந்தராஜன் சார் கேட்டிருந்தார். பனி, பெரிய கடை, ரயில் என்று நான் அடுக்குவேன் என எதிர்பார்த்திருப்பார். சொல்லிவிடுகிறேன். கனடாவில் பனி வெள்ளையாக இருக்கிறது. கடையில் முருங்கைக்காய் கிடைக்கிறது, விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அவ்வளவுதான். நான் பேச வந்தது சாக்கடை பற்றி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசி அனுப்புகிறேன், தஞ்சாவூரில் தேவி அதைக் கேட்டுக் கேட்டு டைப் செய்கிறாள். நான் பேசுகிறபடியே போட்டால் மலர்க் குழு ஏற்காது என்று அவளே கொஞ்சம் இஸ்திரி போட்டு மடித்துவைக்கிறாள். "பெரியம்மா, சாக்கடைன்னு வேணாம். பாதாளச் சாக்கடைத் திட்டம்னு போடுவோம்" என்றாள். "எப்படி வேணா போடு, நாத்தம் ஒண்ணுதான்" என்றேன். அந்த வரியை அவள் அழிக்காமல் விட்டிருக்கிறாளா என்று யாராவது படித்துச் சொல்லுங்கள்.

மலர் வெளி ஆட்கள் கைக்கும் போகும் என்பதால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்கழுநீர் நகர் என்பது தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் தாண்டி, முன்பு வயலாக இருந்த இடம். வயல் என்றால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் இருக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் பாயாது. மனை போட்டவர்களால் வரப்பை அழிக்க முடிந்தது, சரிவை அழிக்க முடியவில்லை. மெயின் ரோட்டை ஒட்டி மேட்டில் இருக்கும் முதல் வீடு என்னுடையது. மகன் ரவி என்னை இங்கே கூட்டிவந்ததிலிருந்து அது பூட்டிக் கிடக்கிறது. எதிரே கோவிந்தராஜன் சார் வீடு. அங்கிருந்து தெரு இறங்கிக்கொண்டே போகும். பள்ளத்தில் கடைசியாக இருக்கும் மூலை வீடு மல்லிகாவுடையது.

தெருவுக்கு நடுவில் ஒரு குழாய். எல்லா வீட்டுக் கழிவுநீரும் அதில் இறங்கி, மல்லிகா வீட்டை ஒட்டியிருக்கும் பெரிய தொட்டியில் விழும். தொட்டி நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். வெயில் காலத்துக்கு அது போதும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் தொட்டி கொள்ளாது, வந்த வழியே திரும்பும். மேட்டில் இருப்பவர்கள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தண்ணீர் மல்லிகா வீட்டுக் குளியலறையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மல்லிகா சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். அவளுக்கும் எனக்கும் ஒரே பக்கம்தான், கீழ்வேளூர்ப் பக்கம். அவள் அப்பாவும் அம்மாவும் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்கள். தன் சம்பளத்தில் மனை வாங்க அவள் வந்தபோது மேட்டில் மனை காலியாகத்தான் இருந்தது. "அதெல்லாம் பேசியாச்சும்மா" என்று சொல்லிப் பள்ளத்தைக் காட்டினார்கள். பேசியாச்சு என்ற அந்த மேட்டு மனை அப்புறம் ரொம்ப நாள் புல் முளைத்துக் கிடந்தது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்தாள். அந்த மகள்தான் இதை டைப் செய்கிற தேவி.

போன ஆடியில் தேவி முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? ஆனால் சம்பந்தியம்மா மல்லிகாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "மழ பேஞ்சா உங்க பாத்ரூமுக்குள்ள சாக்கடை வருதாமே. பச்ச ஒடம்புக்காரியும் பச்சப் புள்ளையும் அதுல எப்படிங்க இருக்கும்? இங்கயே இருக்கட்டும், நீங்க வந்து பாத்துட்டுப் போங்க." அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அதனால்தான் மல்லிகாவுக்கு அது அவ்வளவு வலித்தது.

"ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டேன் அக்கா. எம் பொண்ணுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட எனக்கு வீடு இல்லாமப் போச்சே" என்று போனில் அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நல்ல சேதி வந்தது. நகரத்துப் பெரிய குழாயோடு நம் தெருக் குழாயைச் சேர்த்துவிடலாம், தொட்டியே வேண்டாம் என்று ஒரு பொறியாளர் வந்து பார்த்துச் சொன்னார். ஆனால் தெருவுக்குள் ஆகும் செலவில் ஒரு பகுதியைக் குடியிருப்பவர்கள் போட வேண்டும். யார் எவ்வளவு என்று நீங்களே கூடிப் பேசி, ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார்.

"கேக்குறாங்க அக்கா, நம்மளக் கேக்குறாங்க" என்றாள் மல்லிகா. அன்றைக்குத்தான் அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

2

அங்கே சாயங்காலம் என்றால் இங்கே காலை. காலையில் இந்த வீடு சந்தைக்கடை. ரவியும் மருமகளும் காபியைக் கையில் பிடித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விடுவார்கள். பேத்தி யாழினி கண்ணாடி முன் நிற்பாள். நான் தோசை ஊற்றுவேன். கல் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்துவிட்டால் கூரையில் இருக்கும் ஒரு பெட்டி தீப்பிடித்தது போல அலறும். வந்த புதிதில் கடுகு தாளித்து அதை அலறவிட்டு, ஊரே கூடிவிடுமோ என்று வாசலில் போய் நின்றேன். ஒருவரும் வரவில்லை. இங்கே யார் வீட்டில் எது அலறினாலும் யாரும் வரமாட்டார்கள்.

நம் பிள்ளையார் கோவிலில் கூட்டம் நடந்த அன்று யாழினி போனை அஞ்சறைப் பெட்டியின் மேல் சாய்த்துவைத்தாள். "பாட்டி, அவங்கள நீ பாக்கலாம், அவங்க உன்னப் பாக்கலாம். எதையும் டச் பண்ணாத" என்று சொல்லிவிட்டு சம்மர் கேம்ப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் தலையை வாரி, நல்ல புடவை உடுத்தி உட்கார்ந்திருந்தேன். என்ன சந்தோஷம் எனக்கு! பிளாஸ்டிக் நாற்காலிகள், டியூப் லைட், காகிதக் குவளையில் டீ. எல்லாம் தெரிந்தது. என்னைக் காட்டும் போனை அவர்கள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள் போல. வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

கோவிந்தராஜன் சார் எழுந்தார். பேங்கில் மேனேஜராக இருந்தவர், பேச்சு அழகாக வரும்.

"நாம எல்லாரும் விவசாயக் குடும்பம். நமக்கு யாரும் சொல்லித் தரணுமா? வாய்க்கால் வெட்டுறப்ப என்ன செய்வோம்? அவங்கவங்க வயலுக்கு நேரா இருக்குறத அவங்கவங்க வெட்டுவோம். அதே வழக்கந்தான். அவங்கவங்க வீட்டு மொகப்பு எத்தன அடியோ, அத்தன அடிக்குப் பணம். சண்ட சச்சரவே இல்ல."

"கரெக்ட் சார்!"

"நம்ம வழக்கந்தானே, என்ன பேச்சு இதுல!"

எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. நம் தாத்தா செய்தது, நம் அப்பா செய்தது, அதையே நாமும் செய்கிறோம் என்கிற நிம்மதி. மல்லிகா மட்டும் எழுந்து நின்றாள்.

"சார், எம் வீடு மூல வீடு. தெருப் பக்கமும் மொகப்பு, சந்துப் பக்கமும் மொகப்பு. உங்க யாரையும் விட எனக்குத்தான் அதிகமா வரும். வந்து நிக்கிறதெல்லாம் உங்க வீட்டுத் தண்ணி. அதுக்கு நான் கூடப் பணம் கட்டணுமா?"

"மூல மன வாங்குறப்ப காத்து நல்லா வருதுன்னு இனிச்சுதுல்ல?" என்று ஒரு குரல். சிரித்தார்கள்.

"பூட்டிக் கெடக்குற வீட்டுக்காரங்க பணம் போடுவாங்களா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று இன்னொரு குரல்.

"அவங்கதான்யா போடணும். டாலர் அவங்ககிட்டதான இருக்கு!"

மறுபடியும் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், அது தப்பு சார்!" என்று ஆரம்பித்தேன். வாய்க்கால் வழக்கம் வேறு, இது வேறு, மல்லிகா சொல்கிறதைக் கேளுங்கள் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அடுப்பில் தோசை கருகியது. கூரைப் பெட்டி அலறியது. நான் நிறுத்தவில்லை.

"கோமதியம்மா ஏதோ சொல்றாங்க பாருங்க" என்று யாரோ காட்டினார்கள்.

"வணக்கம்மா! குளிரு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கீங்களா பெரியம்மா!"

நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மைக் படம் இருக்குமாம், அதன் மேல் கோடு விழுந்திருந்தால் நம் சத்தம் போகாதாம். யாழினி சாயங்காலம் வந்து சொன்னாள். அப்போது எனக்கு என்ன தெரியும்? இரண்டு கையையும் தூக்கி, வேண்டாம், வேண்டாம், நிறுத்துங்கள் என்று ஆட்டினேன்.

கோவிந்தராஜன் சார் பெரிதாகச் சிரித்தார். "பாருங்க, கனடாவுலேர்ந்து கோமதியம்மாவே கை தூக்கிட்டாங்க. ரெண்டு கையையும்! தீர்மானம் நெறவேறிடுச்சு."

கற்பூரம் காட்டி, சுண்டல் கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

3

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். அதன் இன்னொரு பாதியும் தெரியும்.

எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், அதுவும் கடைமடையில். வாய்க்கால் தொடங்கும் இடம் தலைமடை, அது போய்ச் சாகும் இடம் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னால் தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று விட ஆரம்பித்துவிடுவார்கள். எங்களூர் வாய்க்காலில் அப்போதும் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

அவரவர் வயலுக்கு நேராக அவரவர் தூர் வாருவது என்பது உண்மை. ஆனால் தலைமடைக்காரர் தன் பங்கை வாராவிட்டாலும் அவர் வயலுக்குத் தண்ணீர் ஏறிவிடும். பின் அவர் எதற்கு வாருவார்? அதனால் கடைமடைக்காரர்கள் கட்டுச்சோறும் மண்வெட்டியுமாக மேலே நடந்து போய், யார் யார் வயலுக்கு நேராகவோ வாரிவிட்டு வருவார்கள். அப்பாவும் போவார். தலைமடைக்காரர் வரப்பில் குடையோடு நின்று, "அந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் ஆழமா வெட்டுங்கப்பா" என்பாராம். நம் வழக்கத்தின் அந்தப் பாதியை வரப்பில் குடையோடு நின்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தண்ணீர் வந்ததா என்று விசாரிக்க அதிகாரிகளின் ஜீப்பும் வரும். தலைமடை மதகில் நிற்கும். "தண்ணி வந்துச்சா?" "வந்துச்சுங்க." எழுதிக்கொண்டு திரும்பிவிடும். "கடைசி வரைக்கும் வந்தா ஜீப்புக்கு டயர் தேஞ்சுடும்னு பயம்" என்பார் அப்பா. விசாரித்தாயிற்று, தண்ணீர் வந்தது என்று குடிகள் எல்லோரும் சொல்லியாயிற்று. இங்கே எங்கள் நாற்று மஞ்சளாகிக்கொண்டிருக்கும்.

கேட்டும் வராத தண்ணீருக்குக் காத்திருந்தவர் அப்பா. மல்லிகாவுக்குக் கேட்காமலே வந்து நிற்கிறது. கடைசியில் இருப்பவர்களுக்கு எது வந்தாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது.

4

மல்லிகா மறுநாள் கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"அக்கா, நீங்களும் கை தூக்கிட்டீங்களே."

"வேணாம்னு ஆட்டினேன்டி! நான் கத்தினது உங்க யாருக்கும் கேக்கல."

"எல்லாரும் பாத்தாங்க அக்கா. ரெண்டு கையையும் தூக்குனீங்க."

"ஏன்டி, நான் போய் உனக்கு எதிரா..."

"சரி விடுங்கக்கா. மேட்டுல வீடு இருந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான்."

வைத்துவிட்டாள்.

கோவிந்தராஜன் சாரைக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார். "தீர்மானத்துல ஏறிடுச்சும்மா. மாத்தணும்னா எழுத்து மூலமாக் குடுங்க" என்றார்.

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சார் கைய ஆட்டுறேன்?"

"கைநாட்டுப் போதும். ஆனா அது உங்க கைதான்னு அங்க ஒரு அதிகாரிகிட்டச் சான்று வாங்கி அனுப்பணும். நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது பாருங்க."

என் இரண்டு கையையும் ஊரே பார்த்து எண்ணிக்கொண்டபோது சான்று தேவைப்படவில்லை. அதே கை வேண்டாம் என்று சொல்லத்தான் சான்று. கேட்டதற்காக இங்கே ஒரு அலுவலகத்துக்குப் போனோம். முன்பதிவு இல்லாமல் வரக் கூடாது என்றார்கள். முன்பதிவு செய்து, ரவி லீவு போட்டுப் போனோம். கடிதம் தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். மொழிபெயர்ப்பவர் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி, அவ்வளவு மரியாதை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்கள் கை காட்டினதுக்கோ இவ்வளவு பாடு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும்போது காரில் ரவி சொன்னான்: "விடும்மா. நம்ம மொகப்பு கம்மி, நமக்கு லாபந்தானே? எப்படியும் வீட்ட விக்கத்தான் போறோம்."

இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நான் சந்தைக்குப் போயிருந்தால் மல்லிகா வீட்டில்தான் சாப்பிடும். மல்லிகா கையால் தின்ற முட்டைக்கு அளவில்லை. அதைச் சொன்னேன். "ஞாபகம் இருக்கும்மா" என்றான். பார்வை ரோட்டில் இருந்தது.

அந்தச் சான்று வருவதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. வந்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. மல்லிகாவால் அவ்வளவு பணம் போட முடியவில்லை. அவள் போடாமல் நாங்கள் ஏன் போட வேண்டும் என்று நடுத் தெருவில் மூன்று வீடு. பூட்டிய வீட்டுக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. பொறியாளர் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார். மல்லிகா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தேவியிடம் கேட்டேன். "கும்பகோணத்துலயே இருந்துக்குறேன் பெரியம்மா. அம்மாதான் ராத்திரி சாப்பிடாமப் படுத்துக்குது" என்றாள்.

ரவி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். "தஞ்சாவூர் வீட்டுச் சாவிய மல்லிகாகிட்டக் குடுக்கச் சொல்லப் போறேன். தேவிக்குப் பிரசவம் அங்க."

"அம்மா, வீடு காலியா இருக்கணும்னு புரோக்கர் சொல்லிருக்கான்."

"அப்ப புரோக்கர வந்து புள்ள பெத்துக்கச் சொல்லு."

"வெளாடாதம்மா. உள்ள விட்டா எப்ப காலி பண்ணுவாங்க?"

"பொறக்குற புள்ள எந்திரிச்சு நடந்து போவும், அப்ப. வீடு யார் பேர்லடா இருக்கு?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரவி தட்டைக் கழுவப் போய்விட்டான்.

சாவி கோவிந்தராஜன் சார் வீட்டில் இருந்தது. "வாடகை ஒப்பந்தம் மாதிரி ஏதாவது போட்டுக்கிட்டா..." என்று இழுத்தார். அவர் வீட்டம்மா போனைப் பிடுங்கி, "சாவி எங்கிட்டதான் இருக்குக்கா. இப்பவே கொண்டுபோய்க் குடுக்குறேன்" என்றார். அந்த அம்மாவின் பெயரை எந்தக் கூட்டத் தீர்மானத்திலும் பார்க்க முடியாது. கூட்டத்துக்கு டீ போடுவது அவர்தான்.

மல்லிகா சாவியை உடனே வாங்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, கை தூக்குனதுக்குப் பரிகாரமா?"

"ஆமாடி, பரிகாரந்தான். வாங்கிக்க."

அப்புறம், "உங்க வீட்ல அம்மி எங்கக்கா இருக்கு?" என்றாள்.

வளைகாப்பு முடிந்து தேவி வந்தாள். கூடவே சம்பந்தியம்மாவும் வந்து, என் வீட்டுக் கழிப்பறையில் மூன்று தடவை தண்ணீரை இழுத்துவிட்டுப் பார்த்தாராம். "நல்லா போகுதுங்க" என்று திருப்தியாகச் சொன்னாராம். எங்கே போகிறது என்று அவரும் கேட்கவில்லை.

5

இதற்கிடையில் இந்த ஊரும் என்னைக் கேட்டது. ஒரு நாள் ரவி ஒரு பளபளக்கும் காகிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டான். என்ன என்றேன். "ஊர்ச் சாக்கடைக் குழாயெல்லாம் பழசாயிடுச்சாம். பெரிசு பண்ணப் போறாங்க. அதுக்குக் காசு எப்படி வசூல் பண்ணலாம்னு எல்லார்கிட்டயும் கருத்துக் கேக்குறாங்க."

"எல்லார்கிட்டயுமா?"

"இங்க இருக்குற யார் வேணாலும் போலாம் பாட்டி. நீகூட" என்றாள் யாழினி.

நான்கூட! பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை நூலகத்துக்கு அவள் என்னைக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அங்கே சுவரில் பெரிய பெரிய படங்கள். தண்ணீர் மீட்டரைப் பார்த்து வசூலிப்பதா, வீட்டு மதிப்பைப் பார்த்தா, எல்லோருக்கும் ஒரே தொகையா என்று ஒவ்வொரு படம். ஒரு பெண் அதிகாரி எனக்கு வட்டமான பச்சை ஸ்டிக்கர்கள் கொடுத்தாள். எது பிடிக்கிறதோ அதன் கீழே ஒட்டினால் போதுமாம். எழுத வேண்டாம், படிக்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம். எனக்குப் பொட்டு ஒட்டத் தெரியாதா? வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஏற்ற மாதிரி ஒரு அரசாங்க வேலை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

ஒட்டுவதற்கு முன் ஒன்று கேட்டேன். யாழினிதான் அதை இங்கிலீஷில் சொன்னாள். "இந்த ஊர்ல ரொம்பப் பள்ளமான எடம் எது? அங்க இருக்குறவங்க எதுல ஒட்டுனாங்க?"

அதிகாரிப் பெண் கொஞ்சம் யோசித்து, பக்கத்துச் சுவரில் இருந்த குழாய் வரைபடத்தைக் காட்டினாள். ஆற்றோரம் ஒரு பகுதி. அங்கே நிலத்துக்குக் கீழே இருக்கும் அறைகளில் வாடகைக்கு இருப்பவர்கள் அதிகம், பெரிய மழை வந்தால் கீழிருந்து கழிவுநீர் ஏறிவிடும் என்றாள். ஆனால் அங்கிருந்து இதுவரை யாரும் வரவில்லை. அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை. காகிதம் வீட்டு உரிமையாளர்களுக்குத்தான் போகிறது.

நான் என் பச்சைப் பொட்டுகளையெல்லாம் கொண்டுபோய் அந்த ஆற்றோரத்தில் ஒட்டினேன். ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக.

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. ரொம்ப மரியாதையாகச் சொன்னாளாம்: அது வெறும் வரைபடம், அங்கே ஒட்டினால் கணக்கில் வராது. வேறு ஸ்டிக்கர் தரட்டுமா? வேண்டாம் என்று தலையாட்டினேன். கையை ஆட்டவில்லை. அந்த மட்டும் படித்துக்கொண்டேன்.

"ஏன் பாட்டி இப்படிப் பண்ற? எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் யாழினி. பஸ்ஸில் காதில் எதையோ செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள். இப்போது அவளுக்கு என் பேச்சும் தெருவில் பார்த்துப் போக வேண்டிய ஒரு பள்ளம்.

எங்கள் வீட்டுக்குக் கீழேயும் ஓர் அறை உண்டு. ஒரு பஞ்சாபிப் பையனும் அவன் பெண்டாட்டியும் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் காகிதம் வந்ததா என்று ரவியைக் கேட்டேன். "வாடகைக்கு இருக்குறவங்களுக்கு எதுக்கும்மா?" என்றான். குப்பைக் கூடையிலிருந்து எடுத்துத் துடைத்து, அவர்கள் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தேன். அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாது.

6

ஐப்பசியில் சொன்னபடி மழை பிடித்தது. சொன்னபடி தேவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சொன்னபடி மல்லிகா வீட்டுக்குள் சாக்கடை ஏறியது. மூன்றில் எதுவும் தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை.

ஒரு காலை தேவி போனில் குழந்தையைக் காட்டினாள். மல்லிகா என் வீட்டுப் பின்கட்டில் மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையை முழங்காலுக்குக் கீழே கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டி. என்ன லாவகம்! குழந்தை கத்திய கத்தலில் கூரைப் பெட்டி தோற்றது. நான் இங்கே உட்கார்ந்து கைதட்டினேன்.

குளிப்பாட்டி முடித்து, குழந்தையைத் தேவி கையில் கொடுத்துவிட்டு, மல்லிகா அந்தத் தண்ணீரை வாளியில் மொண்டு தூக்கிக்கொண்டு தூறலில் தென்னை மரத்தடிக்குப் போனாள். திரும்பி வந்து இன்னொரு வாளி. அவளுக்கு முட்டிவலி வேறு.

"பாத்ரூம் பக்கத்துலயே இருக்கே. அங்க ஊத்தாம எதுக்குடி தூக்கிக்கிட்டு அலையுற?"

"ஊத்தலாம் அக்கா" என்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "எங்க போவும்னு எனக்குத் தெரியும்ல."

இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த என் வீட்டிலிருந்து ஒரு சொட்டும் அவள் வீட்டுக்குப் போனதில்லை. உதவி என்று நான் திறந்துவிட்ட பிறகுதான் போகிறது. அவள் மகள் குளிப்பது, பேத்தியின் துணி அலசுவது, பத்தியச் சோற்றுப் பாத்திரம் கழுவிய தண்ணீர், எல்லாம் இறங்கி அவள் வீட்டுக்கே போகிறது. தினமும் காலையில் போய்க் கூட்டித் தள்ளி, பினாயில் தெளித்துவிட்டு வருகிறாளாம். அதையும் நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னாள். கழுவி ஊற்றும் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்து ஊற்றுகிறவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

"பெரியம்மா, இது வேணாமே, அம்மா கோவிச்சுக்கும்" என்கிறாள் தேவி. போடு. அழித்தால் தெரியும். இங்கே யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லுவேன்.

பொங்கல் கழித்துச் சங்கம் மறுபடி கூடும் என்று கோவிந்தராஜன் சார் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், தெருவுக்கு அவர் செய்தது நிறைய. அவரிடமும் உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தடவை நாற்காலிகளைப் பிள்ளையார் கோவிலில் போடாதீர்கள். பள்ளத்துக்கு இறங்கி வந்து மல்லிகா வீட்டு வாசலில் போடுங்கள். ஈரமாக இருந்தால் நின்றுகொண்டே பேசுங்கள். முதலில் அவள் பேசட்டும், அப்புறம் மேலே வாருங்கள். அடியையும் முகப்பையும் விடுங்கள். தண்ணீரைக் கீழே அனுப்புகிறவர்கள் பணம் கொடுங்கள். வாங்கிக்கொள்கிறவளிடம் இன்னும் என்ன கேட்பது? என் பங்கை நான் தருவேன். பூட்டிய வீடு என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது, உள்ளே ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

நானும் போனில் வருவேன். இந்த முறை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வேன். நான் வாயசைப்பது தெரிந்தால், தயவுசெய்து யாரும் வணக்கம் சொல்லாதீர்கள். என்ன சொல்கிறேன் என்று கேளுங்கள்.